ஆடாதோடையும் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டியும்

கர்ப்பிணிப் பெண்ணுக்கு இருமல் வந்தால் நம் வீடுகளில் இருமல் சிரப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு ஆடாதோடையைத் தேடுவார்கள். இலையை அலசி, நாலு மிளகைத் தட்டிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தால் கஷாயம். தோட்டம் இல்லாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் ஆடாதோடை மணப்பாகு கிடைக்கும். "இங்கிலீஷ் மருந்து வேண்டாம்மா, வயித்துல புள்ள இருக்கு" என்று சொல்லும் அதே வாய்தான் "இது பச்சிலைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றும் சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலமாரிக்குள் போன சிரப்பில் ப்ரோம்ஹெக்சின் அல்லது அம்ப்ராக்சால் இருக்க நிறைய வாய்ப்பு. ப்ரோம்ஹெக்சின் என்பது ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை மாதிரியாக வைத்து உருவாக்கிய மருந்து. அது உடலுக்குள் போய் மாறும்போது கிடைப்பதுதான் அம்ப்ராக்சால். ஆக, பேரனை ஒளித்துவிட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

தாத்தாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் 1970களிலும் அதற்குப் பிறகும் வாசிசினை வைத்து நிறைய ஆய்வு செய்தார்கள். அவர்களை ஈர்த்தது இருமல் இல்லை. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைத்தது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு அந்தச் சுருக்கம் தெளிவாக இருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்த இது உதவுமா என்றுகூட யோசித்தார்கள். அதே இலையைத்தான் "ஒண்ணும் பண்ணாது" என்று ஆறாம் மாதக்காரிக்குக் கொடுக்கிறோம். ஒன்றும் பண்ணாத இலை இருமலை மட்டும் எப்படி நிறுத்தும்?

மருந்தியல் பாடம் நடத்துவது என் வேலை. அதனால் உறவில் யாருக்கு நாள் தள்ளிப்போனாலும் ஒரு போன் எனக்கும் வரும். "அத்தை, தெரியாம ஒரு துண்டு பப்பாளி தின்னுட்டேன்." "அக்கா, முருங்கை இலைப் பொடி ஆன்லைன்ல வருதே, வாங்கலாமா?" "வேப்பங்கொழுந்து அரைச்சுத் தர்றாங்க, குடிக்கவா?" எல்லாக் கேள்வியும் செடியின் பெயரில் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு: செடியில் எந்தப் பாகம்? கறியா, கஷாயமா, மாத்திரையா? எவ்வளவு? இப்போது எத்தனையாவது வாரம்? எதிர்முனையில் கொஞ்சம் எரிச்சல் தெரியும். ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்திருப்பார்கள்.

பப்பாளியையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலியின் கருப்பைத் தசையைத் தனியே எடுத்துத் தொங்கவிட்டு, அதன்மேல் பழுத்த பப்பாளியின் சாற்றையும் பப்பாளிப் பாலையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. பழச்சாற்றுக்குத் தசை குறிப்பிடும்படி அசையவில்லை. பாலுக்கு, ஆக்சிடோசின் கொடுத்ததுபோல வெட்டி இழுத்துச் சுருங்கியது. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிப்போகும். நன்றாகப் பழுத்த பழத்தில் ஒரு துண்டு தின்றவள் இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டியதில்லை. காயைக் கூட்டு வைப்பதும், பச்சைக்காயை அரைத்துக் குடிப்பதும் வேறு கதை. ஒரே மரம்தான், பதில் இரண்டு.

முருங்கை இன்னும் சிக்கல். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார், கருக்கலைப்புக்கென்று நாட்டு வழக்கில் இருந்த செடிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் சாற்றைக் கருவுற்ற எலிகளுக்குப் பத்து நாள் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நீரில் இறக்கிய சாறு அல்லது எத்தனால் என்ற சாராயத்தில் இறக்கிய சாறு. 1992இல் வந்த அந்த ஆய்வில் இரண்டு செடிகளின் இலைச்சாறு மொத்த எலிகளிலும் கருவைக் கலைத்தது. ஒன்று மேலே சொன்ன ஆடாதோடை. மற்றது முருங்கை. அளவு, எலியின் ஒரு கிலோ எடைக்கு 175 மில்லிகிராம் உலர்ந்த இலையிலிருந்து கிடைக்கும் சாறு. சோதித்த செடிகளில் கருவுக்கு ஊறு தெரியாமல் தப்பியவை கருவேலம்பூவும் செம்பருத்திப்பூவும் மட்டுமே.

இதைப் படித்துவிட்டு முருங்கைக்கீரைப் பொரியலைத் தட்டிலிருந்து ஒதுக்கினால் அது அவசரம். எடைக்கு எடை பெருக்கினால் 60 கிலோ பெண்ணுக்குச் சுமார் பத்து கிராம் உலர்ந்த இலை. ஒரு கைப்பிடிக் கீரை காய்ந்தால் அவ்வளவுதான் வரும். அதைத் தின்ற கர்ப்பிணிகளுக்கு எல்லாம் கரு கலைந்திருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டோம். எலிக்கு மொத்தக் கர்ப்பமே மூன்று வாரம். அதில் பத்து நாள் என்பது கிட்டத்தட்டப் பாதி. எலி குடித்தது சாறு. நாம் தின்பது நாரும் பருப்பும் தேங்காயும் கலந்த கறி, அதுவும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள். ஆனால் எலிக் கணக்கை அப்படியே தூக்கிக் குப்பையில் போடவும் எனக்கு மனம் வரவில்லை. "சூப்பர் ஃபுட்" என்று பெயர் ஒட்டி வரும் முருங்கை மாத்திரைகளை முதல் மூன்று மாதத்தில் தினமும் இரண்டு வேளை விழுங்குவது பொரியல் தின்பது ஆகாது. அந்த மாத்திரைக்குப் பாட்டி சாட்சி சொல்ல முடியாது. பாட்டி அதைப் பார்த்ததே இல்லை.

பாட்டிகளின் சாட்சியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சில விஷயங்களில் அது மிகக் கூர்மையானது. கண்வலிக்கிழங்கு என்றால் கிராமத்தில் எவரும் வாயருகே கொண்டுபோக மாட்டார்கள். அதன் பூதான் நம் மாநிலப் பூவான செங்காந்தள். பிரசவம் இழுத்துக்கொண்டே போனால் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுகிற வழக்கம் இருந்தது. உள்ளே கொடுக்கக்கூடாது என்பதும் தெரிந்தே இருந்தது. கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிசின். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் செய்துவிடும். கரு என்பதே நாள் முழுக்கச் செல் பிரிந்துகொண்டிருக்கிற இடம். இதைவிடப் பொருத்தமான நஞ்சைத் தேடிப்பிடிக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் இங்கேயும் ஒரு திருப்பம். துருக்கி, இஸ்ரேல் பக்கம் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோய்க்கு வாழ்நாள் முழுக்கக் கோல்சிசின் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்தப் பெண்கள் கர்ப்ப காலத்திலும் அதை நிறுத்துவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சாப்பிட்டவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. அளந்த ஒரு மில்லிகிராமுக்கும், எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் விளைந்ததென்று தெரியாத ஒரு துண்டுக் கிழங்குக்கும் நடுவில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

சரி, பாட்டிகளின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது? இதைச் சொல்ல நான் வகுப்பில் எப்போதும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஆட்டுக்காரர்களிடம் போய்விடுவேன்.

அங்கே மலைப்புல்வெளிகளில் செம்மறி மேய்ப்பவர்களின் மந்தைகளில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விநோதமான குட்டிகள் பிறந்தன. சிலதுக்கு மேல்தாடை குறுகி முகம் குரங்குபோல் இருந்தது. சிலதுக்கு நெற்றி நடுவில் ஒரே ஒரு கண். தாய் ஆடுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பரம்பரைக் கோளாறு என்று பெயர் பரவினால் கடாவை எவனும் வாங்கமாட்டான் என்ற பயத்தில் பலர் வெளியே சொல்லவே இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் யூட்டா மாநிலக் கூடத்திலிருந்து வேய்ன் பின்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் 1950களில் வந்து மந்தையோடு மந்தையாக அலைந்தார்கள். இனக்கலப்பைச் சோதித்தார்கள். பரம்பரைக் கோளாறு இல்லை என்று ஆனது. பிறகு ஆடுகள் மேய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது கார்ன் லில்லி என்று அங்கே சொல்லும் வெரேட்ரம் செடி.

கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம்? ஆடு அந்தச் செடியைத் தின்றது கருவுற்ற 14ஆம் நாள். குட்டி பிறந்தது ஏறத்தாழ 150ஆம் நாள். நடுவில் நாலரை மாதம். அதற்குள் மந்தை எத்தனை மலை ஏறி இறங்கியிருக்கும், எத்தனை செடியைக் கடித்திருக்கும்! எந்த மேய்ப்பனின் அனுபவ அறிவும் அந்த ஒரு நாளை, அந்த ஒரு வாய் இலையை, இந்த ஒரு கண்ணோடு முடிச்சுப் போட்டுவிட முடியாது. அதே செடியைப் பத்து நாள் முன்னாலோ பின்னாலோ தின்ற ஆட்டுக்கு ஒற்றைக்கண் குட்டி பிறக்காது. முப்பதாம் நாள் வாக்கில் தின்றால் கண் சரியாக இருக்கும், கால் எலும்பு குட்டையாகும், மூச்சுக்குழாய் சுருங்கும். அந்தந்த நாளில் எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறதோ அதில்தான் அடி விழும்.

1968இல் அந்தச் செடியிலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்து, ஒற்றைக்கண் அரக்கன் நினைவாகச் சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. கருவின் முகத்தை இடது, வலது என்று பிரிக்கச் சொல்லும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதையை அது அடைத்துவிடுகிறது. அதே பாதை சில தோல் புற்றுநோய்களில் அடங்காமல் ஓடும் என்பதால், அதை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் அட்டையில் கருவைப் பற்றிய எச்சரிக்கைக்குத்தான் முதல் இடம். ஐடஹோ ஆடுகள் கொடுத்த எச்சரிக்கை அது.

மனிதக் கருவுக்கு இந்த ஆபத்தான நாட்கள் எப்போது? கருவுற்ற மூன்றாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் முடிய முக்கியமான உறுப்புகள் எல்லாம் உருவெடுத்துவிடும். 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கும். 28ஆம் நாள் வாக்கில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிவிடும். அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். சில பெண்களுக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும். சில வீடுகளில் "ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு, சூட்டுக்கு ஏதாவது குடி" என்று எள்ளையும் கருப்பட்டியையும் தாண்டிக் கஷாயத்துக்குப் போவதும் இதே இரண்டு வாரத்தில்தான். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் "கர்ப்பப்பை பலத்துக்கு" என்று அமுக்கரா கேப்சூலை எடுத்துக்கொண்டிருப்பதும் இதே நேரம்தான். அந்த அமுக்கராவை, அதாவது அஸ்வகந்தாவை, கருக்கலைவும் ஹார்மோன் மாற்றமும் ஏற்படலாம் என்ற கவலையில் 2023இல் டென்மார்க் தடை செய்தது. நம் ஆயுஷ் தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை முடியட்டும், அதுவரை கர்ப்பிணி அதைத் தொடாமல் இருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

ஒற்றைக்கண் குட்டியாவது கண்ணுக்குத் தெரிந்தது. தாலிடமைடு என்ற தூக்க மாத்திரையும் அப்படித்தான் பிடிபட்டது. 1957இல் ஜெர்மனியில் கடைக்கு வந்து, கை கால் வளராத குழந்தைகள் பிறந்ததால் 1961இல் விலக்கப்பட்டது. அவ்வளவு அபூர்வமான குறைபாடு என்பதால்தான் நான்கு வருடத்திலாவது பிடித்தார்கள். கண்ணுக்கே தெரியாத பாதிப்பு என்றால்?

அதற்குத்தான் அதிமதுரம். தொண்டை கட்டினால் பாட்டு வாத்தியார் முதல் பேச்சாளர் வரை வாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிரை விடுவார்கள். ஹெல்சின்கியில் 1998இல் குழந்தை பெற்ற பெண்களிடம், கர்ப்ப காலத்தில் வாரம் எவ்வளவு மிட்டாய் தின்றீர்கள் என்று கேட்டுக் குறித்துவைத்தார்கள். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவலுக்கு நிற்கிறது. தாயின் இரத்தத்தில் இருக்கும் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் அப்படியே குழந்தைக்குப் போய்விடாமல் அதைச் செயலற்றதாக மாற்றுவது அதன் வேலை. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்குகிறது.

அந்தக் குழந்தைகள் பன்னிரண்டரை வயதானபோது 378 பேரைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்குமேல் கிளைசிரைசின் உள்ளே போன தாய்மாரின் பிள்ளைகள், குறைவாகத் தின்றவர்களின் பிள்ளைகளைவிட நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நினைவாற்றலிலும் வித்தியாசம். பெண்பிள்ளைகள் சீக்கிரமே பருவ வளர்ச்சி கண்டிருந்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. பின்லாந்து அரசு அதற்கு முந்தைய வருடமே கர்ப்பிணிகள் அதிமதுரம் அதிகம் தின்ன வேண்டாம் என்று தன் உணவு வழிகாட்டியில் சேர்த்துவிட்டது. மிட்டாய் நிறையத் தின்ற தாய்மார் வேறு வகையிலும் மாறுபட்டவர்களாக இருக்கலாம், அதனால் மிட்டாய்மீது மட்டும் பழியைப் போட முடியாது என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் நொதியின் கதையும் குழந்தைகளின் கதையும் இவ்வளவு ஒத்துப்போவது எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

500 மில்லிகிராம் என்றால் பின்லாந்துக்காரருக்குக் கால் கிலோ மிட்டாய். நமக்கு? அதிமதுர வேரில் கிளைசிரைசின் எவ்வளவு என்பது விளைந்த இடத்தைப் பொறுத்தது. ஐந்து சதவீதம் என்று வைத்தால் பத்து கிராம் பொடி போதும். வறட்டு இருமலுக்குத் தேனில் குழைத்து மூன்று கிராம் வீதம் நான்கு நாள் சாப்பிட்டால் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. இரண்டொரு நாள் தொண்டையில் ஒரு துண்டை அடக்கியதற்குப் பயப்பட வேண்டாம். தினப்படி வழக்கமாக்கினால்தான் யோசிக்க வேண்டும்.

எந்தப் பாட்டியால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? பேரன் ஏழாம் வகுப்பில் கணக்கில் தடுமாறுவதையும், பதின்மூன்று வருடத்துக்கு முன் மருமகள் சாப்பிட்ட தேன் உருண்டையையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? "காலங்காலமாகக் கொடுத்துவருகிறோம்" என்பது பொய்யில்லை. குடித்த அன்றைக்கே வயிறு வலித்தால், இரத்தம் பட்டால், வாந்தி எடுத்தால் அது அந்த அறிவில் பதிவாகும். தலைமுறை தாண்டியும் நிற்கும். பல மாதம் கழித்தோ பல வருடம் கழித்தோ ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது பதிவாகாது. அதற்கு எழுதிவைக்கிற ஆள் வேண்டும், எண்ணுகிற ஆள் வேண்டும், காத்திருக்கிற ஆள் வேண்டும்.

செடியே இல்லாத மூலிகை மருந்தும் உண்டு. 2011, 2012இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையினர் இரத்தத்தில் ஈயம் ஏறிய கர்ப்பிணிகள் ஆறு பேரைக் கண்டார்கள். ஆறு பேரும் இந்தியாவில் செய்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை. கர்ப்பிணிக்கு ஐந்து இருந்தாலே தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அப்போதைய அமெரிக்க வழிகாட்டுதல். ஈயம் நஞ்சுக்கொடியில் தடையில்லாமல் கடக்கும். ஹரியானாவில் இதைவிடக் கொடுமை. ஆண் பிள்ளை வேண்டும் என்று கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே சில விதைகளையும் பொடிகளையும் கொடுக்கும் வழக்கத்தை டெல்லியின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் தொடர்ந்து போனார்கள். மாதிரிகளில் பெண் ஹார்மோனைப்போல வேலை செய்யும் தாவரப் பொருட்கள் இருந்தன, சிலவற்றில் கன உலோகங்களும். அவற்றைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்பது கருவுற்ற நொடியிலேயே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு கொடுக்கும் பொடிக்கு மாற்றிவைக்க எதுவும் இல்லை, கெடுக்க மட்டும் நிறைய இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 2010இல் சேர்த்த 158பி விதிப்படி, அங்கீகரித்த பழைய நூல்களில் உள்ள முறைப்படி செய்த மருந்துக்குப் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு காட்ட வேண்டியதில்லை. நூல் சொல்லும் பயனுக்கே விற்றால், நீரில் இறக்கிய சாற்றுக்கும் அப்படித்தான். கருவைப் பாதிக்குமா என்ற சோதனை பற்றிய பேச்சு வருவதே நீரும் சாராயமும் அல்லாத வேறு கரைப்பானில் இறக்கிய சாற்றுக்குத்தான். லக்னோ எலிகளுக்குக் கொடுத்த சாறுகள் எதில் இறக்கியவை என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, சித்த மருத்துவமே வேண்டாம் என்கிறாள் என்று முடிவுகட்ட வேண்டாம். இஞ்சிக்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. நாளுக்கு ஒரு கிராம் உலர்ந்த இஞ்சி, அதாவது நம் சுக்கு, மசக்கை வாந்தியைக் குறைக்கிறதா என்று பல சோதனைகள் நடந்தன. குமட்டல் குறைந்தது, குழந்தைகளுக்குக் குறைபாடு கூடவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டியே அதைப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்கென்று கொடுத்த சித்த மருந்துப் பெட்டியில் மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் போன்றவை இருந்தன. படித்த சித்த மருத்துவர் எவரும் முதல் மூன்று மாதத்தில் கடும் பேதி மருந்தையோ பற்பம், செந்தூரத்தையோ கைக்கு எடுக்கமாட்டார். பிரச்சினை அவர்களிடம் இல்லை. யூடியூப் பார்த்துக் கஷாயம் காய்ச்சும் பெரியம்மாவிடமும், "நூறு சதவீதம் இயற்கை" என்று அச்சடித்த டப்பாவிடமும் இருக்கிறது.

நடுவில் ஒரு தகவல், பயமுறுத்த இல்லை. பிரசவ நேரத்தில் வெந்தயத் தண்ணீர் குடித்த சில தாய்மாரின் குழந்தைகள் பிறக்கும்போதே மேப்பிள் பாகு மணத்தோடு பிறந்தன. அந்த மணத்துக்குப் பெயர்போன கொடிய பரம்பரை நோய் ஒன்று இருப்பதால் மருத்துவர்கள் பதறிப்போனார்கள். பரிசோதித்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை, வெந்தய வாசனைதான். அம்மா குடிப்பது குழந்தைக்குப் போகாது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்வேன்.

போனில் கேட்பவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். சமையலில் காலகாலமாகச் சேரும் அளவுக்குச் சேரும் மஞ்சள், சீரகம், பூண்டு, கீரை பற்றிக் கவலை வேண்டாம். அதே பொருள் பொடியாக, மாத்திரையாக, சுண்டக்காய்ச்சிய சாறாக வந்தால் அதை மருந்தென்றே எண்ணுங்கள், மருந்துக்குக் கேட்கிற அத்தனை கேள்வியையும் கேளுங்கள். முதல் மூன்று மாதம் அந்த வடிவங்கள் எதுவும் வேண்டாம். ஆடாதோடை, வேப்பங்கொழுந்துச் சாறு, சித்திரமூலம், கற்றாழைப் பால், கண்வலிக்கிழங்கு இவையெல்லாம் ஒன்பது மாதமும் வேண்டாம். விளக்கெண்ணெயைத் தேதி தள்ளிப்போனதும் வீட்டில் ஊற்றிக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலை மட்டும் இல்லை, கருப்பையையும் பிசையும் என்பது 2012இலேயே தெளிவாகிவிட்டது. ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டால் பதறாமல், டப்பாவையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை என்று அந்தப் பெண் சரியாகத்தான் பதில் சொல்கிறாள். கஷாயம் மாத்திரை இல்லையே. "வீட்டுல கஷாயம், பொடி, லேகியம் ஏதாவது குடுத்தாங்களாம்மா?" என்று தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதுவும் மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு.